பக்கக் காற்றில் இறங்கும் சிறிய விமானம்

விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளிடம் தினமும் காலையில் நான் கேட்கும் முதல் கேள்வி, "காத்து எங்கேருந்து அடிக்குது?" பலர் போனை எடுப்பார்கள். ஓடுபாதை ஓரத்துக் கம்பத்தில் ஆடும் துணிக் காற்றுப்பையைப் பார்க்கச் சொல்வேன்.

எதிர்க்காற்றில் இறங்குவதுதான் விமானத்துக்கு நல்லது. ஆனால் ஓடுபாதை கிடக்கும் திசையில்தான் கிடக்கும். கோவை ஓடுபாதையின் ஒரு முனைக்கு 23 என்று பெயர். அதில் இறங்கும் விமானம் ஏறக்குறைய 230 டிகிரி, அதாவது தென்மேற்குத் திசை பார்த்து வரும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று 260 டிகிரியிலிருந்து 20 நாட், அதாவது மணிக்கு 37 கி.மீ. வேகத்தில் அடித்தால், இடைவெளி 30 டிகிரி. அப்போது காற்றின் வேகத்தில் பாதி, 10 நாட், விமானத்தைப் பக்கவாட்டில் தள்ளும். நேர் குறுக்கே அடித்தால் முழு 20 நாட்டும் தள்ளும்.

பயிற்சிக்குப் பெரிதும் பயன்படும் செஸ்னா 172 முழுச் சுமையோடு சுமார் 1,150 கிலோதான். ஒரு காரின் எடை. இறங்க வரும்போது வேகம் ஏறக்குறைய 65 நாட். 15 நாட் பக்கக் காற்றில் நேராக வர, மூக்கைக் காற்றின் பக்கம் 13 டிகிரி திருப்பி வைக்க வேண்டும், ஆற்றைக் கடக்கும் படகை நீரோட்டத்துக்கு எதிராகச் சாய்த்துச் செலுத்துவது போல. விமானக் கையேட்டில் பக்கக் காற்றுக்குச் சொல்லியிருக்கும் 15 நாட் என்பது சோதனை விமானி செய்து காட்டிய அளவு. புதிதாகக் கற்பவருக்கு அதில் பாதியே அதிகம் என்பது என் கருத்து.

அப்படியே கோணலாகத் தரை தொட்டால் சக்கரங்கள் பக்கவாட்டில் இழுபடும். அதனால் கடைசி நொடிகளில் இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்ய வேண்டும். காற்று இடப்பக்கம் என்றால், வலது காலால் ரட்டரை, அதாவது வால் சுக்கானின் மிதியை, அழுத்தி மூக்கை ஓடுபாதைக்கு நேராக்க வேண்டும். கையால் இடது இறக்கையைத் தாழ்த்த வேண்டும். முதலில் இடது சக்கரம், பிறகு வலது, கடைசியில் மூக்குச் சக்கரம். ஒற்றைச் சக்கரத்தில் இறங்குவது பார்ப்பவருக்குப் பயமாக இருக்கும். அதுதான் சரியான இறக்கம்.

தரை தொட்டதும் மூச்சு விட்டுக் கையைத் தளர்த்துகிறார்களே, அங்கேதான் எனக்குப் பதறும். வால் துடுப்பைக் காற்று தள்ள, மூக்கு காற்றின் பக்கம் திரும்பி விமானம் ஓடுபாதையை விட்டு ஓடிவிடலாம். வாலில் சக்கரம் உள்ள பழைய ரக விமானங்கள் அப்படியே சுழன்று இறக்கையைத் தரையில் தட்டும். வேகம் குறையக் குறைய, காற்றின் பக்கம் கைப்பிடியை முழுவதுமாகத் திருப்பி, நிற்கும்வரை பிடித்திருக்க வேண்டும்.

உயிருக்கு இன்னும் பெரிய ஆபத்து அதற்கு முன்பே, 500 அடி உயரத்தில் ஓடுபாதையை நோக்கி எடுக்கும் கடைசித் திருப்பத்தில் இருக்கிறது. காற்று பின்னாலிருந்து தள்ளினால் ஓடுபாதையின் நேர்கோட்டைத் தாண்டிவிடுவார்கள். அதைச் சரிசெய்ய இறுக்கித் திருப்புவார்கள். உயரம் குறையாமல் 45 டிகிரி சாய்ந்து திரும்பினால், விமானம் மிதக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். அந்த வேகம் இல்லாமல் ரட்டரையும் அளவுக்கு மீறி அழுத்தினால் விமானம் சுழன்று விழும். மீட்க உயரம் இருக்காது.

தாண்டிவிட்டால் என்ன செய்வது? முழு விசை கொடுத்து மேலே ஏறி, இன்னொரு சுற்று வர வேண்டும். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அப்போதும் சரிவரவில்லை என்றால், காற்று நேராக அடிக்கும் வேறு ஓடுபாதைக்குப் போகலாம். அதற்கான எரிபொருள் புறப்படும்போதே இருக்க வேண்டும்.

பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பிய பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கடன் வாங்கிக் கட்டிய பணம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் "காத்து பலமா இருக்கு, இன்னைக்குப் பறக்கலைப்பா" என்று உங்கள் பிள்ளை போனில் சொன்னால், எப்போது முடிப்பாய் என்று கேட்காதீர்கள். "நல்லது செஞ்சே" என்று சொல்லுங்கள்.