கண்ணுக்குத் தெரியாத கலப்பு
மரபணு மாற்றப் பயிர்களை எப்படிச் சோதிக்கிறார்கள்?

"இது மரபணு மாத்தின சரக்கா? சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதா?" என்று வாடிக்கையாளர்கள் கேட்கத் தொடங்கிவிட்டனர். பருப்பையும் அரிசியையும் கையில் அள்ளி, முகர்ந்து, பல்லில் கடித்துத் தரம் சொல்பவர்கள் நாம். ஆனால் இந்த விஷயத்தில் நம் கண்ணும் கையும் உதவா. ஆகவே நாம் சிலவற்றைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஒரு பயிரின் டி.என்.ஏ.வில் வேறோர் உயிரின் மரபணுவைச் சேர்ப்பதே மரபணு மாற்றம். அதனால் பயிரில் ஒரு புதிய புரதம் உண்டாகிறது. இந்தியாவில் 2002-இல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தியில், மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணு இருக்கிறது. அது உண்டாக்கும் புரதம் காய்ப்புழுவைக் கொல்லும்.

அந்தப் புரதம் மனிதருக்குக் கெடுதலா என்பதை அறியவே மூலக்கூறு ஆய்வு. முதலில், புதிய மரபணு எந்த இடத்தில், எத்தனை படிகளாகப் புகுந்துள்ளது என்று பார்க்கிறார்கள். அடுத்து, புதிய புரதத்தின் அமைப்பை, ஒவ்வாமை தரும் புரதங்களின் அமைப்போடு கணிப்பொறியில் ஒப்பிடுகிறார்கள். பிறகு, இரைப்பை நீர் போன்ற திரவத்தில் இட்டு, எவ்வளவு விரைவில் செரிக்கிறது என்று பார்க்கிறார்கள். சீக்கிரம் செரியாத புரதத்தின் மேல்தான் சந்தேகம் அதிகம்.

இத்தகைய சோதனை பயன் தந்ததற்கு ஓர் உதாரணம். அமெரிக்காவில் சத்தைக் கூட்டுவதற்காகச் சோயாவில் பிரேசில் கொட்டையின் மரபணுவைச் சேர்த்தனர். அக்கொட்டை ஒத்துக்கொள்ளாதவர்களின் இரத்தத்தைக் கொண்டு சோதித்தபோது, இந்தச் சோயாவும் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தது. 1996-இல் முடிவு வெளியானது. அந்தச் சோயா சந்தைக்கே வரவில்லை.

வணிகர்களாகிய நாம் மறக்கக் கூடாதது இன்னொன்று. 'ஸ்டார்லிங்க்' மக்காச்சோளத்தின் புரதம் எளிதில் செரியாததால், அமெரிக்க அரசு 1998-இல் அதைக் கால்நடைத் தீவனத்துக்கு மட்டும் அனுமதித்தது. பயிரிட்ட பரப்பு நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் களஞ்சியங்களில் மற்றச் சோளத்தோடு கலந்துவிட்டது. 2000 செப்டம்பரில் கடையில் விற்ற உணவுப் பண்டத்தில் அது கண்டுபிடிக்கப்பட்டது. ஏராளமான பண்டங்களைத் திரும்பப் பெற்றார்கள். ஏற்றுமதியும் அடி வாங்கியது. புகார் சொன்னவர்களின் இரத்தத்தைச் சோதித்ததில், அந்தப் புரதத்தால் ஒவ்வாமை வந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. உடம்புக்குக் கேடு நிரூபணமாகவில்லை. வியாபாரம் மட்டும் கெட்டது. காரணம், மூட்டை கலந்ததுதான்.

கலப்பைக் கண்டுபிடிப்பது பி.சி.ஆர். முறை. கொரோனா காலத்தில் நாம் அறிந்த அதே முறை. துளி டி.என்.ஏ. இருந்தாலும் அதைப் பல மடங்காகப் பெருக்கிக் காட்டிவிடும். சுத்திகரித்த எண்ணெயில் டி.என்.ஏ. பெரும்பாலும் நீங்கிவிடுவதால் அங்கே இது எளிதல்ல. அங்கு ஆவணமே சாட்சி.

நம் நாட்டிலும் அரிசி, கோதுமை, மக்காச்சோளம், சோயா உட்பட 24 பயிர்களை இறக்குமதி செய்ய, மரபணு மாற்றம் இல்லை என்ற சான்றிதழ் வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் உத்தரவிட்டது. தற்செயலான கலப்புக்கு 1 சதவீதம் வரை விலக்கு உண்டு. 2021 மார்ச் 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது.

ஆகவே இறக்குமதிச் சரக்கு எடுக்கும்போது சான்றிதழ் நகலைக் கேட்டு வாங்குவோம். லாட் எண்ணைப் பில்லில் எழுதச் சொல்வோம். தீவனச் சரக்கையும் உணவுச் சரக்கையும் ஒரே குடோனில் கலக்கவிடாமல் பார்த்துக்கொள்வோம். கேட்கும் வாடிக்கையாளரிடம் ஊகத்தைச் சொல்லாமல், கையிலுள்ள காகிதத்தைக் காட்டுவோம். சோதனை விஞ்ஞானியின் வேலை. கலக்காமல் காப்பது நம் வேலை.