ஒளிப் பலகையில் தமிழ் எழுத்து

பேருந்தின் நெற்றியிலும் கடைகளின் வாயிலிலும் ஒளிப் புள்ளிகளால் ஆன எழுத்துக்கள் ஓடக் காண்கின்றோம். நம் எழுத்து அப்பலகைக்கு ஒவ்வாது என்பாரும் உளர். பலகை இயங்கும் முறையை அறிந்தார்க்கு அக்கூற்றுப் பொருந்தாமை விளங்கும்.

பள்ளிச் சோதனைக்கு ஏற்ற சிறு பலகையில் எட்டுக்கு எட்டாக 64 எல்.இ.டி. விளக்குகள் உண்டு. ஆயினும் அதற்குள்ள கம்பிகள் கிடைவரிசைக்கு 8, நெடுவரிசைக்கு 8, ஆக 16 மட்டுமே. ஒரு கிடைக்கம்பியும் ஒரு நெடுக்கம்பியும் கூடுமிடத்து விளக்கு எரியும். இங்கு ஓர் இடர் உண்டு. முதல் வரிசையின் முதல் விளக்கையும், இரண்டாம் வரிசையின் இரண்டாம் விளக்கையும் ஒருங்கே ஏற்றினால், வேண்டாத வேறிரண்டும் உடன் எரியும். ஆதலின் ஒரு நேரத்தில் ஒரு வரிசையையே ஏற்றி, அதை அணைத்து, அடுத்ததை ஏற்றுதல் வேண்டும். இச்சுற்று விரைந்து நிகழின், எல்லா வரிசைகளும் ஒருங்கே எரிவதாகவே கண்ணுக்குத் தோன்றும்.

இவ்வோயாப் பணியை ஏற்பதே மேக்ஸ் 7219 என்னும் இயக்கிச் சிப்பு. எட்டு வரிசைகளையும் அது நொடிக்கு ஏறத்தாழ 800 முறை சுற்றி வரும். எதைக் காட்டுவது என்பதை மட்டும் ஆர்டுயினோ போன்ற நுண்கட்டுப்படுத்தி சொன்னால் போதும். அதற்கு மூன்றே கம்பிகள்: ஒன்று செய்தியைச் சுமப்பது, ஒன்று தாளம் தட்டுவது, மற்றொன்று, 'முடிந்தது, ஏற்றுக்கொள்' என அறிவிப்பது. ஒரு தாளத்திற்கு ஒன்றாக 16 பிட்டுகள் செல்லும். முன் எட்டினுள் முகவரியும் பின் எட்டில் செய்தியும் அடங்கும். 1 முதல் 8 வரையுள்ள முகவரிகள் எட்டு வரிசைகளுக்கு உரியவை.

மின்சாரம் பெற்றதும் சிப்பு உறக்க நிலையிலேயே இருக்கும். 12ஆம் முகவரிக்கு 1 அனுப்பினாலன்றி விழிக்காது. எட்டு வரிசைகளும் எரிய 11ஆம் முகவரிக்கு 7 அனுப்புக. இது இலக்கங்களைக் காட்டவும் அமைந்த சிப்பாதலின், இலக்கமாக மாற்றும் வேலையை நிறுத்த 9ஆம் முகவரிக்கு 0 அனுப்புக. 10ஆம் முகவரியில் ஒளியின் அளவை 0 முதல் 15 வரை மாற்றலாம். பலகை இருண்டிருந்தால், விளக்கைப் பழிக்குமுன் இவற்றைச் சரிபார்த்தல் நன்று.

இனி எழுத்துக்கு வருவோம். எரியும் விளக்கு 1, எரியாதது 0 எனக் கொள்க. 'ப' எழுத, மேல் ஏழு வரிசைகளில் இரு ஓரங்கள் மட்டும் எரியவேண்டும்: 10000001, அஃதாவது 129. அடி வரிசை முழுதும் எரியவேண்டும்: 11111111, அஃதாவது 255. எட்டே எண்களில் 'ப' அமைந்துவிட்டது. 'ட' எழுத, ஏழு வரிசைகளுக்கு 128, அடி வரிசைக்கு 255.

எல்லா எழுத்தும் இவ்வளவு எளிதன்று. மெய்யின் புள்ளி மேலே இடம் கேட்கும். உகரக் குறி கீழே இடம் கேட்கும். 'ண' அகலம் கேட்கும். எட்டு வரிசை அவற்றுக்கு நெருக்கடியே. ஆயின் ஒரு சிப்பிலிருந்து அடுத்த சிப்புக்குச் செய்தி வழிந்து செல்லுமாதலின், அதே மூன்று கம்பிகளில் பல பலகைகளைக் கோக்கலாம். இரண்டு அடுக்காக வைத்தால் 16 வரிசைகள் கிடைக்கும். தமிழ் தடையின்றி அமரும்.

ஆகவே குறை சிப்பினுடையதன்று. சிப்பு எம்மொழியையும் அறியாது, எண்களையே அறியும். ஆங்கில எழுத்துக்களுக்கான எண்களைப் பலர் முன்னரே வரைந்து வைத்துள்ளனர். தமிழுக்கும் அவ்வாறு வரைவோர் பெருக வேண்டும். கட்டத்தாளும் பென்சிலும் உள்ள எந்த மாணவரும் இன்றே தொடங்கலாம்.