புதிய எருசலேம் ஆலயம், தரங்கம்பாடி

ராஜ வீதியில் உள்ள இந்த ஆலயம் 1718 அக்டோபர் 11 அன்று பிரதிஷ்டை செய்யப்பட்டது. கட்டியவர் ஜெர்மானிய லுத்தரன் ஊழியர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்பி, 1706 ஜூலையில் அவர் தரங்கம்பாடிக்கு வந்தார். அப்போது ஊரை ஆண்ட டேனியர்களுக்கு 1701 முதலே இதே வீதியில் சீயோன் ஆலயம் இருந்தது. தமிழ்ச் சபைக்காக 1707இல் எழுந்த முதல் எருசலேம் ஆலயம், சபை பெருகியபோது போதாமல் போனது. அந்தக் கட்டடம் இன்று இல்லை. 1717இல் இப்போதைய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

முகப்பின் உச்சியில் கிரீடமும் அரசரின் பெயர்ச் சின்னமும் 1718 என்ற ஆண்டும் தெரியும். தரைத்திட்டம் சிலுவை வடிவம். ஆனால் நான்கு கைகளும் ஒரே நீளம். பிரசங்க பீடம் அவை கூடும் இடத்தில் இருப்பதால், எந்தக் கையில் அமர்ந்தவருக்கும் போதகர் தெரிவார். பிரசங்கத்தை வழிபாட்டின் மையமாகக் கருதிய சபைக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு அரிது.

பிரதிஷ்டை நடந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. 1719 பிப்ரவரி 23 அன்று சீகன்பால்கு காலமானார். வயது 36. புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து, 1715க்குள் இவ்வூரிலேயே அச்சிட்டு முடித்தவர் அவர். ஆலயத்துக்குள் பீடத்தருகே அவர் அடக்கம் செய்யப்பட்டார். அவருடன் உழைத்த குருண்ட்லரும் 1720இல் இங்கேயே அடக்கமானார்.

டேனியர் 1845இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றனர். ஆலயம் இன்று தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்தது. ஆராதனை தமிழிலேயே நடக்கிறது.