மட்டையின் நீளம் எவ்வளவு இருக்க வேண்டும்?

கோல்ஃப் ஆட்டத்தில் ஒரு விந்தை உண்டு. வீரர் தம் வலிமை முழுவதையும் திரட்டி அடிக்கிறார். பந்து காற்றில் பறந்து 250 மீட்டருக்கு அப்பால் விழுகிறது. கணக்கில் அது ஓர் அடி. பிறகு குழிக்கு அருகில் வந்து, பந்தை மெல்லத் தட்டி 25 சென்டிமீட்டர் உருட்டுகிறார். அதுவும் ஓர் அடிதான்! மிகக் குறைந்த அடிகளில் ஆட்டத்தை முடிப்பவரே வெற்றி பெறுகிறார்.

18 குழிகள் கொண்ட ஒரு மைதானத்துக்குப் பெரும்பாலும் 72 அடிகள் என்று அளவு வகுத்திருப்பார்கள். அவற்றுள் குழிக்கு இரண்டு வீதம் 36 அடிகள், குழியைச் சுற்றியுள்ள ஒட்ட வெட்டிய புல்தரையில் பந்தை உருட்டுவதற்கென ஒதுக்கப்பட்டவை. அதாவது சரிபாதி! இந்த வேலைக்கென்றே உள்ள மட்டைக்குப் 'பட்டர்' என்று பெயர்.

பட்டர் கடைகளில் பெரும்பாலும் 33, 34, 35 அங்குல நீளங்களில் கிடைக்கிறது. ஓர் அங்குலம் கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று உங்களுக்குத் தோன்றலாம். இதற்கு விடை காண நாம் வகுப்பறையில் படிக்கும் இயற்பியலும் திரிகோணமிதியுமே போதும்.

ஒரு பாகைக்குள் அடங்க வேண்டும்

கோல்ஃப் குழியின் விட்டம் 108 மி.மீ. பந்து 3 மீட்டர் தொலைவில், சமதளமான தரையில் இருப்பதாகக் கொள்வோம். உருண்டு வரும் பந்தின் மையம், குழியின் மையத்திலிருந்து 54 மி.மீ.க்கு மேல் விலகிச் சென்றால் பந்து உள்ளே விழாது. 54-ஐ 3000-ஆல் வகுத்தால் 0.018 கிடைக்கும். இதை டேன்ஜென்ட் மதிப்பாகக் கொண்ட கோணம் ஏறத்தாழ 1 பாகை. கடிகாரத்தின் நிமிட முள் 10 விநாடிகளில் நகரும் கோணம் அவ்வளவுதான்! பந்து வேகமாக வந்தால் இந்தச் சிறு இடமும் இன்னும் சுருங்கிவிடும்.

ஆகவே பட்டருக்கு வலிமை தேவையில்லை, துல்லியமே தேவை. அந்தத் துல்லியத்துக்குக் கண்ணும் கையும் சரியான இடத்தில் இருக்க வேண்டும். அவற்றின் இடத்தை நிர்ணயிப்பது மட்டையின் நீளம்.

கண் செய்யும் பிழை

ஆய்வுக்கூடத்தில் அளவுகோலைப் படிக்கும்போது, கண்ணைக் குறிக்கு நேராக வைக்கும்படி ஆசிரியர் சொல்லியிருப்பார். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அளவு மாறித் தெரியும். இதுதான் இடமாறு தோற்றப் பிழை. கோல்ஃப் வீரருக்கும் இதே தொல்லை உண்டு.

பந்து, குழி, கண் ஆகிய மூன்றும் ஒரே செங்குத்துத் தளத்தில் இருந்தால், தலையைத் திருப்பிப் பார்க்கும்போது பந்து செல்லவேண்டிய பாதை நேராகத் தெரியும். மட்டை நீளமாக இருந்தால் வீரர் நிமிர்ந்து, பந்திலிருந்து தள்ளி நிற்பார். அவருடைய கண் பந்துக்கும் கால்களுக்கும் இடையே வந்துவிடும். மட்டை குட்டையாக இருந்தால் அவர் அதிகமாகக் குனிவார். கண் பந்தைத் தாண்டி அப்பால் போய்விடும். தேர்ந்த வீரர்கள் பலர் கண்ணைப் பந்துக்கு நேர் மேலேயோ, சற்றே உட்புறமாகவோ வைத்துக்கொள்கிறார்கள்.

ஊசல் போன்ற கை

பட்டரை வீசுவதை ஊசலின் அசைவுக்கு ஒப்பிடலாம். தோள்களே அதன் தாங்குபுள்ளி. கைகள் இயல்பாகத் தொங்கினால் ஊசல் ஒழுங்காக ஆடும். மட்டை மிக நீளமாக இருந்தாலோ, பிடியின் நுனி வயிற்றில் இடிக்கும். அதைத் தவிர்க்க முழங்கைகள் வெளியே பிதுங்கும். மணிக்கட்டும் தன் பங்குக்கு அசையத் தொடங்கும். ஒரு கீல் உள்ள ஊசல் இரண்டு, மூன்று கீல்கள் உள்ளதாகிவிட்டால், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஆடுமா? மிகக் குட்டையான மட்டையோ வேறு வகையில் தொல்லை தரும். நெடுநேரம் குனிந்து பயிற்சி செய்தால் முதுகு வலிக்கும்.

இன்னொரு விளைவும் உண்டு. நீளமான மட்டையுடன் தள்ளி நிற்கும்போது தண்டு அதிகமாகச் சாய்கிறது. மட்டைத் தலையின் முனை தரையிலிருந்து தூக்கிக்கொள்கிறது. பட்டரின் முகம் சுமார் 4 பாகை மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால், முனை தூக்கினால் முகம் சற்றுப் பக்கவாட்டில் திரும்பும். முனை 2 பாகை தூக்கினால், 3 மீட்டரில் பந்து விலகுவது ஏறத்தாழ 7 மி.மீ. மட்டுமே. இது சிறு பிழைதான். கண்ணும் மணிக்கட்டும் செய்யும் பிழைகளே பெரியவை.

உயரத்தைப் பார்த்து வாங்கலாமா?

கூடாது. ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கை நீளமாக இருக்கலாம். அவருக்குக் குட்டையான மட்டையே பொருந்தும். நாம் அளக்க வேண்டியது தலையின் உயரத்தை அல்ல. ஆடும் நிலையில் மேல்கை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையே.

அந்த உயரம் 79 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பட்டரின் தண்டு செங்குத்தாக நிற்பதில்லை. தரையோடு சுமார் 70 பாகை கோணத்தில் சாய்ந்திருக்கிறது. தண்டுதான் கர்ணம், கையின் உயரம் எதிர்ப்பக்கம். எனவே 79-ஐ சைன் 70 பாகையின் மதிப்பான 0.94-ஆல் வகுக்க வேண்டும். விடை 84 செ.மீ., அதாவது 33 அங்குலம்.

வெட்டினால் போதுமா?

அப்பாவின் 35 அங்குல மட்டையை வெட்டிப் பிள்ளைக்குக் கொடுப்பவர்கள் உண்டு. இங்கே நெம்புகோல் தத்துவம் குறுக்கிடுகிறது. பிடியின் நுனியைத் தாங்குபுள்ளியாகக் கொண்டால், தலையின் எடையைத் தண்டின் நீளத்தால் பெருக்கி வருவதே கையில் உணரும் கனத்துக்கு ஓர் அளவு. 89 செ.மீ. தண்டில் 330 கிராம் தலை இருக்கிறது என்போம். தண்டை 84 செ.மீ. ஆக வெட்டிய பிறகும் அதே கனம் தோன்ற வேண்டுமானால், தலை ஏறத்தாழ 350 கிராம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மட்டை இலேசாகி, கை நடுக்கம் எளிதில் தலைக்கு எட்டும். இதனால்தான் தயாரிப்பாளர்கள் பலர் குட்டையான பட்டருக்குக் கனமான தலையைப் பொருத்துகிறார்கள். வீட்டில் வெட்டியவர்கள் தலையில் ஈயப் பட்டை ஒட்டி ஈடுசெய்வதுண்டு.

நீளத்தால் எழுந்த வழக்கு

குறுந்தொலைவு அடியின்போது மணிக்கட்டு தன்னையறியாமல் வெட்டி இழுப்பது சில வீரர்களுக்குப் பெருந்தொல்லை. ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் லாங்கர் அதற்கு ஆளானவர். இத்தகையோருக்கு நீண்ட பட்டர் கைகொடுத்தது. பிடியின் நுனியை வயிற்றிலோ மார்பிலோ ஊன்றிக்கொண்டால், ஊசலுக்கு அசையாத தாங்குபுள்ளி கிடைத்துவிடும் அல்லவா?

2011-இல் அமெரிக்காவின் கீகன் பிராட்லி வயிற்றில் ஊன்றும் பட்டரைக் கொண்டு பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் பட்டத்தை வென்றார். 2012-இல் வெப் சிம்ப்சனும் எர்னி எல்ஸும், 2013-இல் ஆடம் ஸ்காட்டும் உடலில் ஊன்றிய பட்டரால் பெரும் பட்டங்களை வென்றனர். மட்டையை வீசுவது கைகளின் திறமையா, ஊன்றுகோலின் உதவியா என்ற வாதம் மூண்டது. விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ, யு.எஸ்.ஜி.ஏ. ஆகிய இரு அமைப்புகளும் 2016 ஜனவரி 1 முதல் உடலில் ஊன்றி அடிப்பதைத் தடை செய்தன. நீளத்தை அவை தடுக்கவில்லை. பட்டர் 18 அங்குலத்துக்குக் குறையக்கூடாது என்பதே விதி. உச்ச வரம்பு கிடையாது. லாங்கர் அதன் பிறகும் நீண்ட பட்டரையே பயன்படுத்தினார், மார்பில் ஊன்றாமல்.

செய்து பாருங்கள்

ஒரு நூலில் அழிப்பானைக் கட்டுங்கள். தரையில் சுண்ணக்கட்டியால் நேர்கோடு வரைந்து, அதன்மேல் ஒரு பந்தை வையுங்கள். நீண்ட கம்பு ஒன்றைப் பட்டர்போல் பிடித்து நில்லுங்கள். நண்பர் நூலின் நுனியை உங்கள் புருவ மத்தியில் பிடிக்கட்டும். அழிப்பான் பந்துக்கு நேர் மேலே தொங்குகிறதா? கம்பை மேலும் கீழுமாகப் பிடித்து, ஒவ்வொரு நிலையிலும் அழிப்பான் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கோல்ஃப் மைதானத்தை நீங்கள் பார்த்திராமல் இருக்கலாம். ஆனால் சைக்கிள் இருக்கையும், எழுதும் மேசையும், துடைப்பத்தின் பிடியும் உங்கள் வீட்டில் உண்டு. கருவிக்கு ஏற்ப உடலை வளைப்பதா, உடலுக்கு ஏற்பக் கருவியை அளப்பதா? ஓர் அளவு நாடா இருந்தால், இன்றே விடை காணலாம்.