கட்டைவிரலுக்குத் தனி மூளை!

கிடார் என்றாலே நம்ம சினிமா ஹீரோ அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மலைச்சரிவில் நின்று, வலது கையை 'சரக் சரக்' என்று மேலும் கீழும் இழுப்பாரே, அந்தக் காட்சிதான் பலருக்கும் ஞாபகம் வரும். பாடுவது ஒருத்தர், தாளம் போடுவது இன்னொருத்தர், கிடார் சும்மா பக்கத்தில் நின்று ஒத்து ஊதும். ஆனால் நண்பர்களே, இந்தக் கட்டுரையின் நாயகருக்கு அந்தக் கூட்டமெல்லாம் வேண்டாம். பெயர் டாமி இமானுவேல். ஆஸ்திரேலியாக்காரர். 1955-ல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் மஸ்வெல்புரூக் என்ற ஊரில் பிறந்தவர். மேடையில் ஒரே ஆள், ஒரே கிடார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அடியில் ஒருத்தர் பேஸ் வாசிக்கிறார், நடுவில் ஒருத்தர் கார்டு போடுகிறார், மேலே ஒருத்தர் பாட்டை வாசிக்கிறார் என்று சத்தியம் செய்யத் தோன்றும். கண்ணைத் திறந்தால் ஒரே ஆள், அதுவும் சிரித்துக்கொண்டு!

இவருடைய வீடியோவை நம்ம பசங்களிடம் காட்டினால் முதலில் வரும் கேள்வி, "மச்சி, அது என்ன கிடார்? என்ன விலை?" என்பதுதான். கேட்பது தப்பில்லை, நாமெல்லாம் மெஷினோடு பழகுகிறவர்கள். ஆனால் இந்த மெஷினில் முக்கியமான பார்ட் கிடாரில் இல்லை. வலது கைக் கட்டைவிரலில் இருக்கிறது.

வீணைக் கச்சேரி பார்த்தவர்களுக்கு இது கொஞ்சம் சீக்கிரம் புரியும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ராகத்தை மீட்ட, சுண்டுவிரல் பக்கவாட்டில் இருக்கும் 3 தாளத் தந்திகளைத் தட்டிக்கொண்டே இருக்கும். ஒரே கைக்குள் இரண்டு வேலை. டாமியின் கையிலும் அதேதான், தாளம் மட்டும் கட்டைவிரலுக்குப் போய்விட்டது. அதில் பிளாஸ்டிக்கில் செய்த ஒரு மோதிரம் மாதிரி, நுனியில் நகம் நீட்டிக்கொண்டிருக்கும் 'தம்ப் பிக்' மாட்டியிருப்பார். சி மேஜர் கார்டு பிடித்தால் கட்டைவிரல் 5வது கம்பி, 4வது கம்பி, 6வது கம்பி, மறுபடி 4வது கம்பி என்று மாறி மாறி அடிக்கும். ஒரு ஆவர்த்தனத்துக்கு 4 அடி. டிங், டக், டிங், டக்... ரயில் ஓடுகிற மாதிரி. மேலே என்ன நடந்தாலும் இது நிற்காது. அதோடு உள்ளங்கையின் அடிச்சதையை, கம்பிகள் போய் முடிகிற பிரிட்ஜ் கட்டையின்மேல் லேசாகச் சாய்த்து வைப்பார். தடித்த கம்பிகளின் ரீங்காரம் மட்டும் அமுங்கி 'தும் தும்' என்று கேட்கும். மெல்லிய கம்பிகளைக் கை தொடாது, அதனால் பாட்டு பளிச்சென்று தனியாகத் தெரியும். இரண்டு வேறு வாத்தியம் மாதிரி கேட்பதற்கு இந்தச் சின்னச் சாய்மானம் ஒரு பெரிய காரணம்.

பாட்டின் ஸ்வரம் கட்டைவிரல் அடியோடு சேர்ந்தே விழுந்தால் பிரச்சினை இல்லை. இரண்டு விரலையும் சேர்த்துக் கிள்ளிவிடலாம். ஸ்வரம் இரண்டு அடிக்கு நடுவில் விழும்போதுதான் தகராறு ஆரம்பிக்கும். ஆள்காட்டி விரல் தனியாகக் கிளம்பியவுடனே கட்டைவிரலும் "நானும் வரேன்" என்று கூடவே ஓடும். தாளம் போச்சு! கற்றுக்கொள்கிறவர்களில் பாதிப்பேர் இந்த இடத்தில்தான் கிடாரைப் பரண்மேல் ஏற்றுகிறார்கள். டாமி சொல்லித்தருவதும் இதைத்தான். முதலில் கட்டைவிரலை மட்டும் ஓட்டு, அது நீ நினைக்காமலே ஓடுகிறவரை ஓட்டு, அப்புறம் ஒரே ஒரு ஸ்வரத்தைச் சேர். கேட்க அசட்டுத்தனமாக இருக்கும், வாரக்கணக்கில் செய்தால்தான் அருமை தெரியும்.

இந்தக் கட்டைவிரல் வித்தை எந்த இசைக் கல்லூரியிலிருந்தும் வந்ததில்லை. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் மேற்கில் மியூலன்பெர்க் கவுண்டி என்று நிலக்கரிச் சுரங்கப் பகுதி ஒன்று உண்டு. சுரங்கத் தொழிலாளிகள் வேலை முடிந்து வந்து வாசித்த வாசிப்பு இது. அர்னால்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரின் வாசிப்பு அந்த வட்டாரத்தில் பரவி, கென்னடி ஜோன்ஸ், மோஸ் ரேகர், ஐக் எவர்லி என்று கைமாறி, 1917-ல் பிறந்த மெர்ல் டிராவிஸ் என்ற சுரங்கக் குடும்பத்துப் பையனிடம் வந்தது. இன்றைக்கும் அதற்குப் பெயரே 'டிராவிஸ் பிக்கிங்'தான். ஷுல்ட்ஸ் 1931-லேயே இறந்துவிட்டார். பெயர் அவருக்குப் போய்ச் சேரவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இனிமேல்தான் வேடிக்கை. டிராவிஸ் சின்சினாட்டி வானொலியில் வாசித்ததைப் பக்கத்து மாநிலமான டென்னசியைச் சேர்ந்த செட் அட்கின்ஸ் (1924–2001) என்ற பையன் கேட்டான். கேட்டானே தவிர, பார்க்கவில்லை. டிராவிஸ் உண்மையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் வைத்து வாசித்தவர். இவ்வளவு சத்தம் இரண்டே விரலில் வராது என்று இந்தப் பையனாக முடிவு கட்டி, கட்டைவிரலோடு இன்னும் 2, 3 விரல்களைச் சேர்த்துப் பழகிவிட்டான். அதிலிருந்து பிறந்தது ஒரு புதுப் பாணி! பிறகு செட் அட்கின்ஸின் ரேடியோ வாசிப்பை ஆஸ்திரேலியாவில் 7 வயது டாமி கேட்டார். கடல் தாண்டியும் அதே கதைதான், காதில் விழுந்ததைக் கையில் தேடவேண்டியது.

டாமி வீட்டுக் கதையும் லேசுப்பட்டதல்ல. 4 வயதில் கிடார் பிடித்தார். தாளம் போடச் சொல்லித்தந்தது அம்மா. 6 வயதிலேயே சம்பாதிக்கிற கலைஞர். அப்பா வீட்டை விற்றுவிட்டு, குழந்தைகளை வைத்து ஒரு இசைக்குழு ஆரம்பித்து, குடும்பத்தோடு கார்களிலேயே வாழ்ந்து ஊர் ஊராகப் போனார். அண்ணன் ஃபில் பாட்டை வாசிப்பார், தம்பி டாமிக்குப் பின்னணித் தாளம். 1966-ல் அப்பா இறந்தார். பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகவேண்டும் என்று அதிகாரிகள் கண்டிப்பாகச் சொல்ல, அந்த ஊர்வலம் ஒருவழியாக நின்றது. டாமிக்கு இன்றுவரை மேற்கத்திய ஸ்வரக் குறிப்பு படிக்கத் தெரியாது. ஆனால் பிள்ளைப் பருவம் முழுக்க அவர் பார்த்த வேலை, தாளம் தவறாமல் பார்த்துக்கொள்வது. கட்டைவிரல் தானாக ஓடுவதற்குக் காரணம் வேறெங்கும் தேடவேண்டாம் என்பது என் எண்ணம். 1997-ல் செட் அட்கின்ஸும் அவரும் சேர்ந்து ஒரு ஆல்பம் போட்டார்கள். 1999-ல் செட், தான் வெகு சிலருக்கே கொடுத்த 'சி.ஜி.பி.' பட்டத்தை டாமிக்கும் கொடுத்தார். 'சான்றிதழ் பெற்ற கிடார் கலைஞர்' என்று அர்த்தம். நம்ம டிப்ளமோ மாதிரிதான், என்ன, அரியர் கிடையாது!

எலக்ட்ரானிக்ஸ் நண்பர்களுக்காக ஒரு விஷயம். டாமி 'ஓவர் தி ரெயின்போ' பாட்டை ஆரம்பிக்கும்போது கிடாரிலிருந்து யாழ் சத்தம் சலசலவென்று கொட்டும். அதற்குப் பெயர் ஹார்மோனிக்ஸ். கம்பியின் சரிபாதி இடத்தை, அதாவது 12வது ஃபிரெட்டுக்கு நேர் மேலே, அழுத்தாமல் தொட்டுக்கொண்டு மீட்டினால் அடிப்படை அதிர்வு செத்து, அதன் இரட்டிப்பு அதிர்வெண் மட்டும் நிற்கும். வலது கை ஆள்காட்டி விரல் தொட, அதே கையின் கட்டைவிரல் மீட்டும். இதை ஒரு கம்பியிலும், சாதாரண மீட்டலை வேறொரு கம்பியிலும் மாற்றி மாற்றிச் செய்யவேண்டும். இடது கையே இல்லாமல் கணக்குப் போட்டுப் பாருங்கள். 6வது கம்பி 82.4 ஹெர்ட்ஸ், இரட்டித்தால் 164.8. அடுத்து 3வது கம்பி சாதாரணமாக, 196. 5வது கம்பி 110, இரட்டித்தால் 220. 2வது கம்பி 246.9. 4வது கம்பி இரட்டித்து 293.7. கடைசியாக 1வது கம்பி 329.6. வரிசையாகப் படியேறுவதைக் கவனித்தீர்களா? கை தாவித் தாவிப் போகிறது, ஸ்வரம் மட்டும் ஒழுங்காக மேலே ஏறுகிறது. கர்நாடக இசைக் காது உள்ளவர்கள் இந்த 5 ஸ்வரங்களைச் சுத்த தன்யாசி என்று உடனே சொல்லிவிடுவார்கள். செட் அட்கின்ஸ் பயன்படுத்திய இந்த முறையை எங்கேயோ கொண்டுபோனவர் லென்னி புரோ (1941–1984) என்ற இன்னொரு மேதை. டாமி அதையும் காதால் பிடித்துக்கொண்டார்.

சரி, கிடாருக்கு வருவோம். டாமி வாசிப்பது மேட்டன் கம்பெனியின் கிடார். மெல்பர்னில் பில் மே என்பவர் 1946-ல் ஆரம்பித்தது. அவர் பெயரையும் 'டோன்' என்ற சொல்லையும் ஒட்டினால் மேட்டன். டாமி பெயரிலேயே வரும் மாடலுக்கு முன்பலகை ஸ்புரூஸ், முதுகும் பக்கமும் ஆஸ்திரேலிய மரமான குயீன்ஸ்லாந்து மேப்பிள். 6 ஸ்டீல் கம்பிகளும் சேர்ந்து 70 கிலோ அளவுக்கு இழுவிசை கொடுக்கும். 3 மில்லிமீட்டர் அளவே கனமான முன்பலகை அதைத் தாங்கவும் வேண்டும், அதிரவும் வேண்டும். உள்ளே குறுக்கும் நெடுக்கும் ஒட்டிய மரச்சட்டங்கள்தான் காப்பாற்றுகின்றன. சிவில்காரர்கள் டிரஸ் படித்தது இங்கேயும் உதவும்!

நான் மெச்சுவது அதன் பிக்கப் அமைப்பை. கம்பி உட்காரும் சேடிலுக்கு அடியில் பீசோ. அழுத்தம் மாறினால் அது வோல்டேஜ் கொடுக்கும். ஆனால் இம்பீடன்ஸ் மிக அதிகம், உள்ளேயே பேட்டரியில் ஓடும் ஒரு பிரீஆம்ப் இல்லாவிட்டால் சத்தம் தகர டப்பாவைத் தட்டின மாதிரி ஆகிவிடும். அதோடு பெட்டிக்குள் ஒரு குட்டி மைக். டாமி கிடாரின் உடம்பைத் தட்டுவார், டிரம்ஸ் பிரஷ்ஷால் தேய்ப்பார். முன்பலகை பாலிஷ் போய்க் கிடக்கும். அந்த மரச் சத்தத்தையெல்லாம் பிடிப்பது இந்த மைக். மைக்கை மட்டும் நம்பினால் ஸ்பீக்கர் சத்தம் திரும்ப உள்ளே புகுந்து 'ஊய்ங்' என்று கத்தும். அதனால் இரண்டையும் கலந்து அனுப்புகிறார்கள். மேடையில் அவர் பல வருஷம் வைத்திருந்தது ஜெர்மனியின் ஏ.இ.ஆர். கம்பெனி 60 வாட் ஆம்ப்ளிஃபயர், ஒரு கையில் தூக்கிப்போகிற சைஸ். நம்ம ஊர்த் திருவிழா சவுண்டு சர்வீஸ்காரர் பார்த்தால் "இது எதுக்குப் பத்தும்?" என்று கேட்பார். இவ்வளவுக்கும் நோக்கம் ஒன்றுதான், விரல் செய்வதை அப்படியே கொண்டுபோய்ச் சேர்ப்பது. விரல் செய்யாததை எந்தப் பெட்டியும் செய்யாது.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். சில மேடைகளில் அவர் வேகம் அளவுக்கு மீறிப்போகும். கைதட்டல் வாங்கும், மனசில் நிற்காது. மகளுக்காக எழுதிய 'ஏஞ்சலினா' மாதிரி நிதானமான பாட்டைக் கேளுங்கள், கட்டைவிரல் இருக்கிற இடமே தெரியாமல் வேலை செய்யும்.

ஹாஸ்டலில் யாரிடமாவது பழைய கிடார் இருந்தால் ஒரு தம்ப் பிக் வாங்கிப் பாருங்கள். இதில் செலவு குறைவான சாமானே அதுதான். முதல் நாள் விரலைக் கடிக்கும், நுனி நீளமாக இருந்து கம்பியில் மாட்டும். பயப்படவேண்டாம். வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டால் பிளாஸ்டிக் இளகும், விரல் அளவுக்கு வளைத்துக்கொள்ளலாம். நுனியை ஸ்மூத் ஃபைலால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துக் குறையுங்கள். ஃபிட்டிங் ஷாப்பில் ஃபைல் பிடித்த கைதானே!