நிலத்தினுள் மிதக்கும் தொட்டி

சென்னைத் துறைமுகத்தில் பல்லாயிரம் டன் எடையுள்ள இரும்புக் கப்பல் மிதந்து நிற்கிறது. சிறிய இரும்பு ஆணியோ நீரில் இட்டவுடன் மூழ்குகிறது. காரணம் யாது? ஒரு பொருள் விலக்கும் நீரின் எடை எவ்வளவோ, அவ்வளவு விசையால் நீர் அதனை மேல்நோக்கி உந்துகிறது. இஃது ஆர்க்கிமிடீஸ் கண்ட விதி. இவ்விதி துறைமுகத்தோடு நின்றுவிடுவதன்று. நம் வீட்டு முற்றத்தின் அடியிலும் செயற்படுகிறது.

வியாசர்பாடிப் பக்கத்து எம்.கே.பி. நகர் போன்ற தாழ்ந்த நிலங்களில், பெருமழை பெய்தால் நிலத்தடி நீர் தரைமட்டம் வரை ஏறிவிடும். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் சென்னை மக்கள் வெள்ளத்தின் துயரை நன்கு உணர்ந்தனர். வெள்ளம் வடிந்ததும், ‘சம்ப்’ என்று நாம் வழங்கும் தரையடித் தொட்டியில் புகுந்த அழுக்கு நீரை இறைக்க விரைகிறோம். அங்கேதான் ஆபத்து உள்ளது.

பொறியியல் மாணவர்களே, தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் வெளி நீளம் 3 மீட்டர், அகலம் 2 மீட்டர், உயரம் 2 மீட்டர். அதன் மேல்மூடி தரைமட்டத்தில் உள்ளது. சுற்றிலும் மண் நீரில் ஊறிக் கிடக்கிறது. 2 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 2,000 கிலோ. அடித்தளத்தின் பரப்பு 6 சதுர மீட்டர். ஆகவே தொட்டியை மேலே தள்ளும் விசை 12,000 கிலோ. விலக்கப்பட்ட 12 கன மீட்டர் நீரின் எடையும் அதுவே. இரு வழியிலும் ஒரே விடை வருதல் காண்க.

சுவரும் தளமும் 15 சென்டிமீட்டர், மூடி 10 சென்டிமீட்டர் கனமானால், கான்கிரீட்டின் அளவு ஏறக்குறைய 4 கன மீட்டர். எடை சுமார் 9,500 கிலோ. உந்து விசைக்கு 2,500 கிலோ குறைகிறது. முற்றும் இறைத்த தொட்டி படகைப் போல் மேலெழ முற்படும். குழாய்கள் முறியும், தளம் பிளக்கும். சுற்றுமண்ணின் உராய்வு ஓரளவு தடுக்கலாம். ஊறிய மண்ணை நம்பிக் கணக்கிடுதல் தகாது.

குறையை ஈடுசெய்ய 2,500 லிட்டர் நீர் வேண்டும். அஃதாவது, இத்தொட்டியினுள் அரை மீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீர்தான் அதனை நிலைநிறுத்தும் பாரம். கட்டுவோர் முன்னரே எண்ணினால், தளத்தைக் கனமாக்கலாம். அல்லது சுவருக்கு வெளியே நீட்டி, அதன்மேல் மண்ணின் சுமையை ஏற்றலாம்.

ஆகவே, வெள்ளத்திற்குப் பின் அந்த அழுக்கு நீரைப் பயன்படுத்தாதீர்கள். ஆயினும் உடனே முற்றும் இறைத்துவிடாதீர்கள். அருகிலுள்ள கிணற்றைப் பாருங்கள். அதன் நீர்மட்டம் தொட்டியின் அடிக்குக் கீழே இறங்கிய பின்னர் இறைத்துத் தூய்மை செய்யுங்கள். சில நாள் பொறுமை, ஒரு தொட்டியைக் காக்கும்.