பின்வாசல் வழியா வாங்க!

தூத்துக்குடிப் பக்கம் வருகிறவர்கள் எல்லாரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். மக்ரூன் கடை வரிசையில் நின்று அரைக்கிலோ கட்டிக்கொண்டு, திருச்செந்தூரில் முருகனைக் கும்பிட்டு, கடலில் கால் நனைத்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். ஐயோ பாவம்! திரைச்சீலையைப் பார்த்துவிட்டு நாடகம் பார்த்ததாகச் சொல்வார்களா யாராவது? தூத்துக்குடியிலிருந்து தெற்கே உவரி வரை, நூறு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும் கடற்கரை இது. இதன் அசல் கூத்தெல்லாம் அடுப்படியிலும் பதநீர் காய்ச்சும் விடிலியிலும் வள்ளம் கரையேறும் மணலிலும்தான் நடக்கிறது. வாங்க, பின்வாசல் வழியாகவே போவோம். மணல் சுடும், பரவாயில்லை.

முதலில் பேக்கரியின் பின்கட்டு. முன்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிற மக்ரூன், பிறக்கும்போது வெறும் நுரை. முட்டையின் வெள்ளைக்கருவை மட்டும் பிரித்தெடுத்து, சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி அடிக்கிறார்கள், அடிக்கிறார்கள், அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாது என்கிற பதம் வந்ததும் முந்திரித்தூள் இறங்கும். அதுவரை ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்த மாஸ்டர் இந்த இடத்தில் கப்பென்று வாயை மூடிக்கொள்வார். அழுத்திக் கலந்தால் நுரை செத்துவிடும். பயந்து பயந்து கலந்தால் முந்திரி அங்கங்கே திட்டாக நின்றுவிடும். கைக்கு மட்டுமே தெரிந்த கணக்கு அது. பிறகு தாள் விரித்த தட்டில் கூர் நுனியோடு வரிசை வரிசையாக வைத்து, தணிந்த சூட்டில் மணிக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். வேகவைப்பது என்று சொல்வதைவிட உலர்த்துவது என்பதே பொருத்தம். சூடு கொஞ்சம் கூடினால் வெள்ளை பழுப்பாகிவிடும், மாஸ்டரின் மானம் போய்விடும். மைதா கிடையாது, வெண்ணெய் கிடையாது. மூன்றே மூன்று சாமான், அவ்வளவு ஆர்ப்பாட்டம்! போர்த்துக்கீசியர் விட்டுப்போன பண்டம் என்பார்கள். அவர்கள் ஊர்ப் பாதாம் போய் நம் முந்திரி வந்து உட்கார்ந்ததில் எனக்குத் துளியும் வருத்தமில்லை.

பொழுது சாய்ந்ததும் நைட் கிளப். பதறாதீர்கள், வீட்டில் சொல்லிவிட்டே போகலாம். தூத்துக்குடியில் சாயங்காலம் திறக்கிற பரோட்டாக் கடைக்கு அதுதான் பேர். குழிந்த கல்லில் எண்ணெய் தளும்ப, பொரிச்ச பரோட்டா மிதந்துகொண்டிருக்கும். இலையில் விழுந்ததும் அதை நொறுக்கி, சால்னாவை ஊற்றி, மொறுமொறுப்பு அடங்குவதற்குள் தின்றுவிட வேண்டும். போட்டோ எடுக்கிறேன் என்று நின்றால் ஊறிப்போகும். இதில் என்னிடம் மன்னிப்பே கிடையாது.

தெற்கே வந்தால் காயல்பட்டினம். இங்கே சிக்கல் என்னவென்றால், ஊரின் பெரிய சாப்பாடு கடையில் கிடைக்காது. களறிச் சாப்பாடு கல்யாண வீட்டில்தான். சஹன் என்கிற பெரிய தட்டில் நெய்ச்சோறும் களறிக்கறியும் கத்தரிக்காய் மாங்காயும் கூடவே புளியாணமும் வர, சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைப்பார்கள். அழைப்பு வேண்டுமா? இந்த ஊரில் ஒரு சிநேகிதரைப் பிடியுங்கள், வேறு வழியே இல்லை. சிநேகிதர் கிடைக்கும்வரை தம்மடையால் மனசைத் தேற்றிக்கொள்ளலாம். ரவை, முட்டை, சீனி, நெய் சேர்த்து, கீழேயும் மூடி மேலேயும் தணல் வைத்துச் செய்கிற பண்டம். மேல்தோல் செவந்து, உள்ளே மெத்தென்று இருக்கும்.

திருச்செந்தூர் உங்களுக்குத் தெரிந்த ஊர். நாழிக்கிணற்றை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு நடையைக் கட்டுவோம். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் நல்ல தண்ணீர்! மனசில் வைத்துக்கொள்ளுங்கள், இதே வித்தையை இன்னோர் ஊரிலும் பார்க்கப்போகிறோம்.

இனிமேல்தான் கூட்டம் குறைகிறது, பனை கூடுகிறது. மேற்கே ஒதுங்கினால் குதிரைமொழித் தேரி, கண்ணுக்கெட்டிய தூரம் குங்குமத்தைக் கொட்டிய மாதிரி செம்மண். இந்தப் பக்கம் உடன்குடி. கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். சீசனில் வந்தால் விடிலியைத் தேடிப் போங்கள். பதநீர் காய்ச்சுகிற ஓலைக் கொட்டகைக்குத்தான் விடிலி என்று பேர். வெயில் ஏறுவதற்குள் போனால் பனையேறி அண்ணாச்சி மரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருப்பார். காலையும் மாலையும் ஏறிப் பாளை சீவினால்தான் மரம் சுரக்கும். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவியிருக்கும். தடவினால் பதநீர், தடவாவிட்டால் புளித்துக் கள். கள்ளுக்குத் தமிழ்நாட்டில் தடை என்பதால், ஒரு விரல் சுண்ணாம்பில்தான் சட்டமே நிற்கிறது!

ஓலையை மடித்த பட்டையில் ஊற்றித் தருவார், நுங்கைக் கீறிப் போட்டுக் குடியுங்கள். அதற்குள் அண்ணாச்சி வீட்டு அம்மா அடுப்பை மூட்டியிருப்பார். மரமேறுவதைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். இந்த அடுப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு. ஓலைச் சருகும் பனைமட்டையும் எரிய, புகைக்குள் உட்கார்ந்து மணிக்கணக்கில் கிண்டுவது பெரும்பாலும் பெண்கள்தான். பொங்கி வழியப் பார்த்தால் இடித்த ஆமணக்கு விதையைக் கொஞ்சம் போடுவார்கள், பொங்கல் அடங்கிவிடும். தண்ணீர் வற்றி, நிறம் மாறி, துடுப்பிலிருந்து பாகு இழுபடுகிற சமயத்துக்குக் கூப்பனி என்று பேர். அப்போது அங்கே நிற்கிற யாருக்கும் வயசு கிடையாது, கையில் ஓலைத்துண்டை வைத்துக்கொண்டு எல்லாரும் பிள்ளைகள். நாக்கைச் சுட்டுக்கொள்ளாதீர்கள். இன்னும் கொஞ்சம் இறுகியதும் மணலில் வரிசையாகப் பதித்த சிரட்டைகளில் ஊற்றுவார்கள். ஆறியதும் தட்டினால் கருப்பட்டி.

வாங்கும்போது ஒன்றை உடைத்துப் பாருங்கள். உட்புறம் பளபளத்தால் சீனி கலந்திருக்கிறது என்பது உள்ளூர்ச் சோதனை. மங்கலாக, கருத்து இருந்தால் பையில் போடுங்கள்.

பக்கத்திலேயே குலசேகரப்பட்டினம். இந்த ஊருக்கு இரண்டு மேக்கப் அறை! ஒன்று தசராவுக்கு. விரதமிருந்து வேடம் கட்டி, ஊர் ஊராகக் காணிக்கை வாங்கி முத்தாரம்மனுக்குச் செலுத்துகிற நேர்ச்சை. நவராத்திரி நாளில் டீக்கடை பெஞ்சில் காளி கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருப்பார், பக்கத்தில் ஒரு குரங்கு சில்லறை எண்ணிக்கொண்டிருக்கும். எதிரே வருகிற போலீஸ்காரர் அசலா வேடமா என்று சட்டென்று சொல்ல முடியாது. மரியாதையாக நகர்ந்துகொள்வது நல்லது. இன்னொரு மேக்கப் அறை இஸ்ரோவுடையது. 2024 பிப்ரவரி 28 அன்று ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகிற ராக்கெட், இலங்கைக்கு மேலே பறக்காமலிருக்க வளைந்து போக வேண்டும், எரிபொருள் வீண். குலசேகரப்பட்டினத்திலிருந்து விட்டால் நேரே தெற்கே கடல்தான். சின்ன ராக்கெட்டுக்கு இது பெரிய மிச்சம்.

அடுத்தது மணப்பாடு. என் ஓட்டு இந்த ஊருக்குத்தான். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற மணல்குன்று, உச்சியில் 1581-இல் எழும்பிய திருச்சிலுவை ஆலயம், கீழே புனித சவேரியார் தங்கிய குகை. அவர் இந்தக் கரைக்கு வந்தது 1542-இல். குகைக்குள் ஒரு கிணறு, அலை அடிக்கிற தூரத்தில் நல்ல தண்ணீர். சொன்னேனே, அதே வித்தை! ‘நீர்ப்பறவை’, ‘கடல்’ படங்களை எடுத்த ஊர் என்பதால், முதல்முறை வருகிறவர்களுக்கும் எங்கேயோ பார்த்த மாதிரியே இருக்கும். அலைச்சறுக்குப் பலகையோடு வருகிற இளசுகளும் உண்டு. நீங்கள் வள்ளம் கரையேறும் இடத்துக்குப் போங்கள். வலையிலிருந்து மீனைக் கழற்றி, கூறு கட்டி, ஏலம் ஆரம்பிக்கும். ஏலக்காரர் விலையைப் பாட்டு மாதிரி இழுக்க, மீன்கார அக்காமார் ஒரு தலையசைப்பில் சீலாவையும் ஊளியையும் விளமீனையும் அள்ளிவிடுவார்கள். அந்த நேரத்தில் மூக்கைச் சொறியாதீர்கள், கூடை உங்கள் தலையில் விழுந்துவிடும்! பெரிய ஓட்டலை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். முன்கூட்டிச் சொல்லிவைத்தால் ஏதாவது ஒரு வீட்டு அடுப்பில் தேங்காய் அரைத்த மீன்குழம்பு கொதிக்கும்.

கடைசி நிறுத்தம் உவரி. ‘கொற்கை’ நாவலுக்குச் சாகித்ய அகாதெமி விருது பெற்ற ஜோ டி குருஸின் ஊர். அந்தோணியார் கோயிலும் சுயம்புலிங்க சுவாமி கோயிலும் உண்டு. ஆனால் சின்னப் பிள்ளைகள் கையைப் பிடித்து இழுப்பது கப்பல் மாதா ஆலயத்துக்குத்தான். கட்டடமே கப்பல், கப்பலுக்கு மேலே விமானம். எதற்கு விமானம் என்று கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். அண்ணாந்து பார்த்துச் சிரியுங்கள், போதும்.

கிளம்புவதற்கு முன் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பதநீர் சீசன் பங்குனியில் சூடுபிடித்து ஆடிவாக்கில் ஓயும். மணப்பாட்டுத் திருவிழா செப்டம்பர் 14. ஞாயிற்றுக்கிழமை இந்தக் கடலோர ஊர்களில் பெரும்பாலும் தொழிலுக்குப் போகமாட்டார்கள், ஆகவே அன்று மீனைத் தேடி வந்து ஏமாறாதீர்கள். கருப்பட்டியை மட்டும், நெடுஞ்சாலைக் கடையில் பளபளவென்று அடுக்கியிருந்தாலும் தாண்டி வந்து, விடிலியிலேயே வாங்குங்கள். விலை பேசாதீர்கள்.